இரண்டு தடவை ஒழிந்த காய்ச்சல்: இலங்கையில் மலேரியாவின் கதை

1963ஆம் ஆண்டு முழு இலங்கையிலும் பதிவான மலேரியா நோயாளர்கள் 17 பேர். அச்சுப்பிழை இல்லை, பதினேழு பேர்தான். அதிலும் கூடுதலானவர்கள் நோயை வெளிநாட்டில் வாங்கிக்கொண்டு வந்தவர்கள். இதே நாட்டில் 1946இல் ஒரே வருடத்தில் கிட்டத்தட்ட 28 இலட்சம் நோயாளர்கள் பதிவாகியிருந்தார்கள். 28 இலட்சத்திலிருந்து பதினேழு. மலேரியாவை எப்படி ஒழிப்பது என்று கேட்டால் இலங்கையைப் பாருங்கள் என்று உலகம் சொன்ன காலம் அது.

1969இல் பதிவானது 5 இலட்சத்து 37 ஆயிரம்.

இடையில் இருந்தது ஆறே ஆறு வருசம். 2016இல் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது எங்களில் கனபேருக்குத் தெரியும். அதுக்கு முதல் ஒரு தடவை கிட்டத்தட்ட இதே இடத்துக்கு வந்து, வந்த வழியே திரும்பிப் போனோம் எண்டது தெரியாது. நான் படித்த காலத்தில் மலேரியா எண்டால் சுகாதாரப் பாடத்தில நுளம்பின்ர வாழ்க்கை வட்டம் கீறுறதோட முடிஞ்சிடும். வரலாற்றுப் பாடத்துக்குள் அது வரவே இல்லை. ஆனால் இந்தத் தீவின் இருபதாம் நூற்றாண்டை இந்தக் காய்ச்சலை விட்டுவிட்டு விளங்கிக்கொள்ள முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

முதலில் 1934க்குப் போவோம். அந்த வருடம் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. டெங்குவோடு வளர்ந்த எங்களுக்கு நுளம்பு எண்டால் மழை, தேங்கின தண்ணி, சிரட்டை, டயர். மலேரியாவின் கணக்கு வேறு. இலங்கையில் அதைப் பரப்பிய முக்கிய நுளம்பு அனோபிலிஸ் குலிசிஃபேசிஸ் என்ற இனம். அதற்கு வெயில் படுகிற, ஓட்டமில்லாத, தெளிந்த நீர் வேண்டும். ஆறு நிறையத் தண்ணி ஓடினால் குடம்பிகள் அடிபட்டுப் போய்விடும். மழை இல்லாமல் மகா ஓயாவும் தெதுறு ஓயாவும் வற்றி, மணலுக்குள் சின்னச் சின்னக் குட்டைகளாக உடைந்தபோது ஆற்றுப் படுக்கை முழுவதும் நுளம்புத் தொட்டிலாக மாறியது. ஈரவலயத்தில் கொள்ளைநோயைக் கொண்டுவந்தது வரட்சி.

அடி விழுந்த இடமும் எதிர்பாராத இடம்தான். வவுனியா, அநுராதபுரம், மன்னார் போன்ற உலர்வலயப் பகுதிகளில் மலேரியா வருடாவருடம் இருந்தது. அங்கே பிள்ளைகள் அதிகம் செத்தார்கள், தப்பி வளர்ந்தவர்களின் உடம்பு ஓரளவு பழகிப்போயிருந்தது. 1934 ஒக்ரோபரில் தொடங்கிய கொள்ளைநோய் மோசமாகத் தாக்கியது கேகாலையையும் குருநாகலையும். கேகாலை போன்ற ஈரமான பிரதேசத்து மக்களுக்கு இந்த நோயோடு அவ்வளவு பழக்கம் இல்லை, எதிர்ப்புச் சக்தியும் இல்லை. சுமார் 55 இலட்சம் பேர் வாழ்ந்த நாட்டில் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் நோயில் விழுந்தார்கள். சில மாதங்களுக்குள் 80,000 பேர் வரை இறந்தார்கள்.

எண்பதாயிரம் பேரையும் நுளம்பு மட்டுமா கொன்றது? உலகப் பொருளாதார மந்தத்தில் தேங்காய் விலை விழுந்து, தென்னையை நம்பியிருந்த குடும்பங்கள் ஏற்கனவே நொடிந்திருந்தன. அதற்கு மேல் வரட்சி நெல்லையும் கொண்டுபோனது. ஒட்டுண்ணி வந்து சேர்ந்தபோது உடம்பில் எதிர்த்து நிற்க ஒன்றும் இருக்கவில்லை. காய்ச்சலில் வீடு முழுக்கப் படுத்தால் சமைக்க ஆளில்லை, வயலுக்குப் போக ஆளில்லை, மருந்தெடுக்க நடந்து போகவும் ஆளில்லை. மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்து அப்போது ஐம்பது வருடம் கடந்துவிட்டது, குயினைன் என்ற மருந்தும் இருந்தது. ஆனால் கிராமத்து வீட்டுக்கும் மருந்துக்கும் இடையில் இருந்த தூரம் அப்படியேதான் கிடந்தது.

அந்தத் தூரத்தை நடந்து போனவர்களில் சூரியமல் இயக்கத்து இளைஞர்களும் இருந்தார்கள். வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, பிலிப் குணவர்தன. கேகாலைப் பக்கம் வீடுவீடாக மருந்தும் உணவும் கொண்டுபோனார்கள். பருப்புப் பகிர்ந்த என். எம். பெரேராவுக்கு ‘பரிப்பு மஹத்தயா’ என்று பட்டம் விழுந்தது, எங்கட பாசையில ‘பருப்பு ஐயா’. லண்டனில் கலாநிதிப் பட்டம் எடுத்து வந்த மனிசனுக்குச் சனம் குடுத்த பட்டம் இதுதான். 1935 டிசம்பரில் இவர்கள் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினார்கள். 1936 அரசாங்க சபைத் தேர்தலில் பெரேரா கேகாலை மாவட்டத்து றுவன்வெல்லையில் வென்றார். இலங்கையின் இடதுசாரிகளைப் பற்றி எழுதுபவர்கள் மார்க்ஸ், ட்ரொட்ஸ்கி, லண்டன் நாட்கள் என்று நிறையச் சொல்கிறார்கள். கேகாலையின் காய்ச்சலையும் பருப்பையும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அது நியாயமில்லை.

இன்னொன்றும் நடந்தது. 1931இல்தான் சர்வசன வாக்குரிமை வந்திருந்தது. செத்துக்கொண்டிருந்த கிராமத்தவன் இப்போது ஒரு வாக்காளன். கொள்ளைநோய்க்குப் பிறகு கிராமப்புற மருந்தகங்களும் சிறிய வைத்தியசாலைகளும் கூடியதை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும்.

பிறகு டி.டி.டி. வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிகிற நேரம் இங்கே வீட்டுச் சுவர்களுக்கு அடிக்கத் தொடங்கினார்கள். இரத்தம் குடித்த நுளம்பு சுவரில்தான் போய் இளைப்பாறும், அங்கேயே செத்துவிடும். 1946இல் ஆயிரத்துக்கு 20க்கு மேல் இருந்த இறப்பு வீதம் 1947இல் 14 ஆனது. ஒரே வருடத்தில் இப்படி ஒரு வீழ்ச்சி வேறெங்கும் காணாதது என்று உலகின் குடித்தொகை ஆய்வாளர்கள் பலர் இலங்கையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பெருமை முழுக்க டி.டி.டி.க்குத்தானா என்று அப்போதே சண்டை தொடங்கிவிட்டது. பொருளியலாளர் பீட்டர் நியூமன், போருக்குப் பிந்திய இறப்பு வீழ்ச்சியில் ஏறத்தாழ 42 வீதம் மலேரியாக் கட்டுப்பாட்டால் வந்தது என்று கணித்தார். ஃப்ரெடரிக்சன் என்பவர், மலேரியா அதிகம் இல்லாத பகுதிகளிலும் இறப்பு குறைந்ததே, அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். பின்னால் வந்த க்ரே ஏறத்தாழ 23 வீதம் என்றார். எங்கட நாட்டுக் குடித்தொகையியலாளர் எஸ். ஏ. மீகம, உணவு வழங்கலும் வைத்தியசாலைகளின் விரிவும் செய்த வேலையைப் பார்க்கச் சொன்னார். 1942இல் தொடங்கிய அரிசிப் பங்கீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இந்தச் சண்டையில் மீகம பக்கம் சாயத்தான் மனம் வருகிறது. மருந்தைக் குறைத்து மதிப்பதற்காக அல்ல. 1934இல் சனத்தைக் கொன்றதில் பாதி பசி எண்டால், 1947இல் சனம் பிழைத்ததில் சோற்றுக்கும் ஒரு பங்கு இருக்கத்தானே வேணும்.

டி.டி.டி. செய்த இன்னொரு வேலை சுகாதார அறிக்கைகளில் அதிகம் இருக்காது. பல நூற்றாண்டுகளாக உலர்வலயத்துக் காடுகளில் பெரிய குடியேற்றங்கள் நிலைக்காததற்கு மலேரியா ஒரு முக்கிய காரணம். இராசரட்டையின் பழைய நகரங்கள் அழிந்ததே மலேரியாவால்தான் என்று 1921இல் லூசியஸ் நிக்கல்ஸ் எழுதினார். குளங்கள் கைவிடப்பட்டதால் மலேரியா வந்ததா, மலேரியா வந்ததால் குளங்கள் கைவிடப்பட்டனவா என்ற கேள்வி வரலாற்று மாணவர்களுக்கு நல்ல தலையிடி. எப்படியோ, மலேரியா விலகியதும் அந்த நிலம் திறந்தது. 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. மலேரியா 1930களில் இருந்தது போலவே தொடர்ந்திருந்தால் அத்தனை ஆயிரம் குடும்பங்களை அங்கே கொண்டுபோய் இருத்துவது நடக்காத காரியம். அந்தக் குடியேற்றங்கள் கிழக்கின் குடித்தொகையை மாற்றிய விதமும், 1956இல் கல்லோயாவில் நடந்த வன்முறையும் எங்களுக்குத் தெரியும். நோய் ஒழிந்தது நல்லது, அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் நோய் விட்டுப்போன நிலம் யாருக்கு என்ற கேள்வியை எந்த மருந்தும் தீர்த்து வைக்கவில்லை.

சரி, 17க்கு வருவோம். வெற்றி என்று முடிவாகி, 1964 அளவில் வீடுகளுக்கு மருந்தடிப்பது நிறுத்தப்பட்டது. நோயே இல்லாதபோது ஏன் அடிக்க வேண்டும்? கேள்வி சரிதான். ஆனால் திட்டத்தின்படி மருந்தடிப்பு நின்ற இடத்தில் கண்காணிப்புத் தொடர வேண்டும். காய்ச்சல்காரர் ஒவ்வொருவரிடமும் ஒரு துளி இரத்தம் எடுத்து, கண்ணாடித் துண்டில் பூசி, நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். ஆயிரம் பேரைப் பார்த்தால் ஆயிரமும் ஒன்றுமில்லை என்றுதான் வரும். அடுத்த ஆயிரமும் அப்படித்தான். இதைவிட அலுப்பான வேலை உலகத்தில இருக்குமோ தெரியாது. அந்த வேலை தளர்ந்தது. சேனைப் பயிர்ச்செய்கைக்காகக் காட்டுக்குள் போய் இருந்தவர்களிடமும், எலஹெரப் பக்கம் மாணிக்கக்கல் தோண்டப் போனவர்களிடமும் போய் இரத்தம் எடுக்க ஆள் போதவில்லை. கல் எடுத்த பிறகு மூடாமல் விட்ட குழிகளில் தண்ணீர் நின்றது. மழை குறைந்து ஆறுகள் மறுபடி குட்டைகளானது. நாலா பக்கத்திலிருந்தும் வந்து தோண்டியவர்கள் காய்ச்சலோடு நாலா பக்கமும் வீடு திரும்பினார்கள்.

1967இல் சில ஆயிரம் பேர். 1968இல் 4 இலட்சத்து 40 ஆயிரம். அடுத்த வருடம் ஐந்து இலட்சம் தாண்டியது. நல்லவேளை, இந்தத் தடவை பரவியது பெரும்பாலும் வைவாக்ஸ் வகை, ஆளைப் போட்டு முறிக்கும், அநேகமாகக் கொல்லாது. குளோரோக்குயின் இருந்தது, இலவச வைத்தியசாலைகள் இருந்தன, பங்கீட்டு அரிசி இருந்தது. அதனால் 1934ஐப் போலப் பிணங்கள் குவியவில்லை.

இந்தக் கதையை வெளிநாட்டில் வேறு மாதிரிச் சொல்கிறார்கள். றேச்சல் கார்சன் 1962இல் ‘மௌன வசந்தம்’ எழுதினாராம், சூழலியலாளர்கள் டி.டி.டி.யைத் தடை செய்வித்தார்களாம், அதனால் இலங்கையில் மலேரியா திரும்பி வந்ததாம். அமெரிக்காவில் சூழல் சட்டங்களை எதிர்க்கிறவர்களுக்கு மிகவும் பிடித்த கதை இது. அமெரிக்கா டி.டி.டி.யைத் தடை செய்தது 1972இல். இலங்கை அதை நிறுத்தியது 1964 அளவில், அதுவும் நோய் முடிந்துவிட்டது என்று நினைத்து. நோய் திரும்பியதும் மறுபடி அதே டி.டி.டி.யைத்தான் எடுத்து அடித்தார்கள். இந்தமுறை நுளம்பு அதற்குப் பழகிவிட்டிருந்தது. 1977இல் மலத்தியோனுக்கு மாறியது அதனால்தான். எங்கட சனத்தின்ர காய்ச்சலை ஆரோ தங்கட வழக்குக்குச் சாட்சியாக இழுத்துக்கொண்டு திரியினம்.

அடுத்த முப்பது வருடம் ஏறுவதும் இறங்குவதுமாகப் போனது. மகாவலித் திட்டத்தில் புதிய கால்வாய்களும் புதிய குடியேற்றங்களும் வந்த காலத்தில், 1987இல், 6 இலட்சத்து 87 ஆயிரம் பேர். 1999இல் 2 இலட்சத்து 64 ஆயிரம். தொண்ணூறுகளில் இந்தச் சுமையின் பெரும் பகுதியை வடக்கும் கிழக்கும் சுமந்தன. நாட்டின் சனத்தொகையில் சிறிய பங்கு, மலேரியாவில் பெரிய பங்கு. வன்னிக்குள் மருந்தும் எரிபொருளும் கட்டுப்பாட்டோடுதான் போயின. இடம்பெயர்ந்தவர்கள் மரத்தடியிலும் தறப்பாளுக்குக் கீழும் இருந்தார்கள். சுவரே இல்லாதவனுக்குச் சுவரில் மருந்தடித்து என்ன பிரயோசனம்?

1995 கடைசியில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டு வன்னிக்குப் போன குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அம்மம்மா ஷெல் அடியைப் பற்றிக் கதைக்கிறதை விட அந்தக் காய்ச்சலைப் பற்றித்தான் கூடக் கதைப்பா. ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், வெயிலுக்குள்ள மூன்று சாக்கைப் போர்த்தாலும் நடுக்கம் நிக்காது எண்டு சொல்லுவா. குளோரோக்குயின் குளிசையின்ர கச்சல் இன்னும் நாக்கில நிக்குதாம்.

இனி வரும் பகுதிதான் இந்த வரலாற்றில் என்னை உண்மையில் ஆச்சரியப்படுத்தியது. மலேரியா விழுந்தது போர் முடிந்த பிறகு அல்ல, போருக்கு நடுவில். 2000இல் 2 இலட்சத்து 10 ஆயிரம். 2004இல் 3,720. 2008இல், வன்னியில் கடைசி யுத்தம் மூண்டிருந்தபோது, முழு நாட்டிலும் 670. உலகின் பல இடங்களில் யுத்தமும் மலேரியாவும் கைகோர்த்து வளரும். இங்கே எதிர்மாறாக நடந்தது.

எப்படி? 2002 யுத்தநிறுத்தம் பாதைகளைத் திறந்தது ஒரு காரணம். உலகளாவிய நிதியத்தின் பணத்தில் நீடித்த மருந்தூட்டிய நுளம்பு வலைகள் வந்தன. மருந்தை மாற்றி மாற்றி அடித்தார்கள், நுளம்பு ஒன்றுக்குப் பழகுவதற்குள் அடுத்தது. நடமாடும் மருத்துவக் குழுக்கள் காய்ச்சல் இருக்கும் இடம் தேடிப் போயின. ஆனால் இவை எல்லாம் ஆள் இல்லாமல் தானாக நடக்காது. மலேரியா தடை இயக்கத்தின் பிராந்திய அதிகாரிகளும் களநிலை ஊழியர்களும் யுத்தப் பகுதிகளிலேயே இருந்து வேலை செய்தார்கள். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களிலும் சுகாதார ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுத்தது கொழும்பு. புலிகளும் இந்த வேலைக்கு ஒத்துழைத்தார்கள். சர்வோதயம் போன்ற அமைப்புகள் இடையில் நின்றன. ஒன்றை ஒன்று அழிக்கச் சபதம் எடுத்த இரண்டு தரப்பும் மௌனமாக உடன்பட்ட ஒருசில விடயங்களில் நுளம்பும் ஒன்று. இதை நல்லிணக்கத்துக்கு உதாரணமாக்கிப் போஸ்டர் அடிக்க வேண்டாம். மருந்தடிக்கிற ஆளை இரண்டு சோதனைச் சாவடியும் விட்டது, அவ்வளவுதான். அந்த அவ்வளவு போதுமானதாக இருந்தது.

2009இல் மெனிக் பாம் முகாம்களில் மூன்று இலட்சம் வரையான மக்களை அடைத்தபோது, கடந்த காலத்தை அறிந்தவர்கள் பயந்தது ஒரு பெரிய மலேரியாவுக்கு. நலிந்த உடம்பு, கூடாரம், தேங்கிய தண்ணி, எல்லாம் இருந்தது. அந்த மக்களுக்கு அங்கே நடந்த மற்றவை வேறு கதை, ஆனால் மலேரியா மட்டும் பரவவில்லை. பரப்ப உடம்புகளில் ஒட்டுண்ணி மிஞ்சியிருக்கவில்லை. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளர் 2012 ஒக்ரோபரில் பதிவானார். 2016 செப்டெம்பர் 5ஆம் திகதி உலக சுகாதார ஸ்தாபனத்தின் அறிவிப்பு வந்தது. எங்கள் பிராந்தியத்தில் மாலைதீவுக்கு அடுத்ததாக நாங்கள்.

அதே 2016இன் முடிவில் மன்னார்த் தீவுக் கிணறுகளில் ஒரு புது நுளம்பைக் கண்டுபிடித்தார்கள். அனோபிலிஸ் ஸ்டீபென்சி. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது இதுதான். ஆற்றங்கரைக் குட்டையை அது தேடிப் போகாது, கிணறு, சீமெந்துத் தொட்டி, மொட்டை மாடித் தாங்கி போதும். குலிசிஃபேசிஸ் கிராமத்து நுளம்பு எண்டால் இது நகரத்து நுளம்பு. பின்னர் யாழ்ப்பாணத்திலும் கண்டார்கள். கிணறுகளில் குடம்பி தின்னும் மீன்கள் விடப்பட்டன. நுளம்பு இருக்கு, ஒட்டுண்ணி இல்லை. இரண்டும் சந்திக்கக் கூடாது, அதுதான் இப்போதுள்ள காவல். 2018 டிசம்பரில் மொனராகலையில் ஒருதடவை சந்தித்தது. வெளிநாட்டில் இருந்து வந்த ஒருவரின் மலேரியா உள்ளூர்க்காரர் ஒருவருக்குத் தொற்றியது. உடனே பிடித்துவிட்டார்கள். பிடிக்க ஆள் இருந்தது.

1964க்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஆட்கள்தான். இன்று வருடத்துக்குச் சில பத்து நோயாளர்களே வருகிறார்கள். ஆபிரிக்காவுக்கு மாணிக்க வியாபாரத்துக்குப் போனவர்கள், இந்தியாவுக்கு யாத்திரை போனவர்கள், அங்கிருந்து திரும்பிய அகதிகள். அவர்களுக்காக ஒரு முழு இயக்கமும் ஆய்வுகூடமும் மருந்துக் கையிருப்பும் களஊழியர்களும் தேவையா என்று வரவுசெலவுத் திட்டக் காலத்தில் எவரும் கேட்கலாம். 2022 நெருக்கடியில் பெற்றோல் வரிசையில் நின்றது நாங்கள் மட்டுமில்லை, கிணறு பார்க்கப் போகிறவரின் மோட்டார் சைக்கிளும்தான். வைத்தியர்கள் எத்தனை பேர் நாட்டை விட்டுப் போனார்கள் என்பதை எல்லோரும் பார்த்தோம். இருப்பவர்களிலும், இந்தப் பத்து வருடத்தில் படித்து வெளியேறிய இளம் வைத்தியர்கள் அநேகர் ஒரு மலேரியா நோயாளரைக்கூட நேரில் கண்டிருக்க மாட்டார்கள். காய்ச்சல் எண்டு போனால் முதலில் டெங்குப் பரிசோதனை எழுதுவார்கள், அது இயல்புதான். மலேரியாவைப் பிடிக்க அவர்களிடம் இருக்க வேண்டியது ஒரு கேள்வி: ‘அண்மையில எந்த நாட்டுக்காவது போய் வந்தனீங்களோ?’